பாவைத் தொட்ட குற்றம்

"கையை எடும்மா துளசி. முதல்ல பாவுல இருந்து கையை எடு!"

பேராசிரியர் வேணுகோபால் காரை விட்டு இறங்கும்போதே கத்தினார்.

துளசி எடுக்கவில்லை. பிள்ளையார்பாளையத்தின் அந்தத் தறியில் ஏற்றுமுன் கஞ்சி போடத் தெரு நீளத்துக்கும் நீட்டியிருந்த பட்டு நூல் பாவின் ஒரு முனையைக் கோலோடு இழுத்துப் பிடித்தபடி நின்றாள். கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை, துப்பட்டாவெல்லாம் கஞ்சி.

வேணுகோபால் சமூகப்பணித் துறையில் களப்பணிக்குப் பொறுப்பு. மாணவர் நடத்தை விதிகளை எழுதியவரே அவர்தான். அந்த விதிகள்மேல் இருந்த பாசம் பெற்ற பிள்ளைமேல்கூட அவருக்குக் கிடையாது. களப்பணிக்குப் போகிற வீட்டில் டீ குடிக்கக் கூடாது. சொந்தம் கொண்டாடக் கூடாது. அவர்கள் தொழிலில் கை வைக்கவே கூடாது.

விதிகளைக் காப்பாற்ற ஒரு ஒழுங்குக் குழுவும் இருந்தது. பாவம், அதற்கு இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை.

இன்று காலை வந்துவிட்டது. "உங்க ஸ்டூடண்ட் துளசி கேஸ் வீட்ல பாவு புடிக்குது, கமிட்டியோட வாங்க" என்று போனில் ஒரு பெண் குரல். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. காபியைப் பாதியில் வைத்துவிட்டு, குழுவின் மற்ற இருவரான துறைத் தலைவர் ரேவதியையும் ஆனந்தராஜ் சாரையும் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

"காலேஜுக்கு வா. விசாரணை இருக்கு."

"வர முடியாது சார். விட்டா இழையெல்லாம் சிக்கிக்கும்."

"அப்ப விசாரணை இங்கேயே!" ஃபைலைத் திறந்தார். "குற்றம் உறுதியானா களப்பணி ரத்து. இந்த வருஷம் உனக்கு டிகிரி இல்லை. தெரியுமில்ல?"

"தெரியும் சார்." துளசிக்குக் கண் கலங்கியது. கை மட்டும் தளரவில்லை.

"தெரிஞ்சும் ஏன் செஞ்சே?"

"சொல்லக் கூடாது சார். குடும்பத்து விஷயத்தை வெளியே பேசக் கூடாதுன்னு உங்க விதி சார்."

வேணுகோபாலுக்குக் கோபம் வருவதா, பெருமைப்படுவதா என்று புரியவில்லை.

அதற்குள் துளசி களப்பணிக்கு வந்துபோகும் வீட்டு அம்சவேணி எதிர்முனையிலிருந்து குரல் கொடுத்தாள். "ஐயோ, நடுவுல தொய்யுது! கால்வாய்ல வுழுந்துடும்! யாராவது அந்தக் கோலைத் தூக்குங்கமா!"

பக்கத்தில் நின்ற ரேவதி மேடம் சட்டென்று தூக்கிப் பிடித்துவிட்டார்.

"மேடம்! விதி!" என்று அலறினார் வேணுகோபால்.

"பட்டு சாக்கடையில விழப்போவுது, விதியாம் விதி! அந்தப் பக்கம் பிடிங்க சார்!"

துறைத் தலைவர் சொல்லை மீறக் கூடாது என்பதும் விதிதான். வேணுகோபால் ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு பிடித்தார். ஆனந்தராஜ், பட்டில் மாட்டாமலிருக்கக் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு அடுத்த கோலுக்கு ஓடினார்.

விசாரணை தொடர்ந்தது.

"துளசி, நீ வேணும்னே விதியை மீறி..."

"சார், நல்லா இழுங்க சார்!" என்றாள் அம்சவேணி.

"...தொழில்முறை எல்லையைத் தாண்டி..."

"அவ்ளோ இழுக்காதீங்க சார், அறுந்துடும்!"

பாவுக்குக் கஞ்சி தடவிக்கொண்டே வந்த அம்சவேணியின் புருஷன் சிவராஜ், வேணுகோபாலின் அருகில் வந்ததும் நின்றான்.

"அந்தப் பொண்ணு சொல்லாது சார். நான் சொல்றேன். நான் குடிகாரன். வைத்தியம் பாத்து இப்பதான் வுட்டுக்கினு இருக்கேன். முதலாளி காலைப் புட்ச்சி இந்தப் பாவை வாங்கியாந்தேன். இது பாழாச்சுன்னா இனிமே எவனும் என்னை நம்பிப் பட்டு குடுக்க மாட்டான்."

"தெருவுல யாரையாவது கூப்பிடக் கூடாதாப்பா?"

"யாரு வூட்டுப் பாவுன்னாலும் கூப்பிடாமலே வந்து புடிப்பாங்க சார், அதான் இங்க வழக்கம். இன்னிக்கு ஒவ்வொரு கதவா தட்னேன். குடிகாரன் பாவுக்கு எவனும் வரல."

வேணுகோபால் அக்குளிலிருந்த ஃபைலை நழுவவிட்டு, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். அதன்பிறகு அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தோள் விண்விண்ணென்று வலித்தும் கோலை இறக்கவில்லை.

வெயில் ஏறுவதற்குள் பாவு காய்ந்து, ஒரு இழை அறாமல் சுருட்டியாகிவிட்டது. சிவராஜ் அதைக் கைக்குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.

ரேவதி மேடம் புடவையில் கஞ்சியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "விதியை மீறினவங்க ஒழுங்குக் குழுவில இருக்கலாமா சார்?"

"கூடாது மேடம். நானே எழுதியிருக்கேன்."

"நாம மூணு பேரும் மீறியாச்சு. அப்ப குழுவே இல்லை. குழு இல்லைன்னா விசாரணை ஏது?"

ஆனந்தராஜ் தலையாட்டினார். துளசிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வேணுகோபாலின் கோபம் இப்போது தெருவின் மேல் திரும்பியது. சாத்தியிருந்த கதவுகளை ஒவ்வொன்றாக முறைத்தார்.

"ஒத்தாசைக்கு ஒரு கை நீட்ட மனசில்லை, புகார் சொல்ல மட்டும் வாய் நீளுது! போன் பண்ண அந்தப் பொம்பளை எந்த வீடு? சொல்லும்மா, நாலு வார்த்தை கேட்டுட்டுத்தான் போவேன்!"

அம்சவேணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான்தான் சார் அது. காலைல ஒரு கையும் கிடைக்காம அழுதுக்கினு இருந்தேன். இந்தப் பொண்ணுதான் நம்பரைப் போட்டுக் குட்த்துச்சி. 'ஒத்தாசைக்குக் கூப்பிட்டா யாரும் வர மாட்டாங்கக்கா. நான் தப்பு பண்ணிட்டேன்னு சொல்லுங்க, மொத்தக் கமிட்டியும் ஓடியாரும்'னுச்சி."