டி.வி. வீட்டுப் பிள்ளை

"டி.வி. வந்த நாள்ல இருந்துதான் டாக்டர், பிள்ளை இப்படி ஆயிட்டா!" என்று மூக்கை உறிஞ்சினாள் சொர்ணலதா.

பக்கத்தில் அவள் கணவர், சின்னமனூர் பலசரக்குக் கடை பொன்னுராஜ், திருதிருவென்று விழித்தபடி நின்றார். ஸ்டூலில் பத்து வயது மகள் பூமாரி. கழுத்து ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

"வகுப்புல தூங்கித் தூங்கி விழுறாளாம். இப்படியே போனா முழுப்பரீட்சையில தேற மாட்டான்னு டீச்சர் சொல்லிட்டாக" என்றார் பொன்னுராஜ்.

டாக்டர் சுயம்புலிங்கத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கொடைக்கானலில் டவர் வைத்தாலும் வைத்தார்கள், இந்த மாதத்தில் இது நாலாவது டி.வி. வீட்டுப் பிள்ளை!

"தினமும் எவ்வளவு நேரம்?"

"போட்டதுல இருந்து அணைக்கிற வரைக்கும். இடத்தை விட்டு அசைய மாட்டா."

"பெட்டியை எங்கே வச்சிருக்கீங்க?"

"அலமாரி உச்சியில. தெருவே வந்து உக்காருது, கடைசி ஆளுக்கும் தெரியணும்ல?"

"அதான் கழுத்து! அண்ணாந்தே இருந்தா சுளுக்காம என்ன செய்யும்? கண்ணைப் பாருங்க, கோவைப்பழம். கொட்டக் கொட்ட முழிச்சுப் பார்த்திருக்கா." டாக்டர் அவள் உள்ளங்கையைத் திருப்பினார். "கொப்புளம் வேற! சத்தம் கூட்டுற திருகைத் திருகித் திருகி வந்தது."

"டாக்டர், நான் வந்து..." என்று வாயைத் திறந்தாள் பூமாரி.

"பெரியவுக பேசுறப்போ குறுக்க பேசாத!" என்று அதட்டினாள் சொர்ணலதா.

டாக்டர் மருந்துச் சீட்டைக் கிழித்து நீட்டினார்.

"மருந்து மூணு நாளைக்கு. ஆனா ஒரு மாசத்துக்கு, டி.வி. ஓடுற நேரத்துல இவ படுத்துத் தூங்கணும். கண்டிப்பா!"

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு முகத்திலும் ஈயாடவில்லை.

"ஒரு மாசமா!"

"உங்களுக்குப் பிள்ளை முக்கியமா, டி.வி. முக்கியமா?"

"என்ன டாக்டர் இப்படிக் கேட்டுட்டீக? ஒத்தைப் பிள்ளை, அவதான் எங்களுக்கு உசுரு." பொன்னுராஜ் தலையைச் சொறிந்தார். "ஆனா இந்த ஆடிக்காத்து அடங்குற வரைக்குமாவது பொறுத்துக்கிடக் கூடாதா? மொட்டை மாடியில இவ ஆண்டெனாக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கலைன்னா, கீழ எங்க யாருக்கும் ஒரு படமும் தெரியாதே டாக்டர்!"