பூங்கோதையின் ஒரே மறுப்பு

தீர்ப்புகளை இயந்திரம்தான் எழுதும். அவற்றை மறுக்கும் உரிமை ஒரு நீதிபதிக்குப் பணிக்காலம் முழுவதிலும் ஒரே ஒருமுறைதான் உண்டு. தர்மபுரி அமர்வு நீதிபதியாகப் பூங்கோதை பொறுப்பேற்ற மூன்றாம் நாள், முதலாளியின் கழுத்தை இரு கைகளாலும் நெரித்துக் கொன்றதாகக் காவலாளி மாசிலாமணிக்கு ஆயுள் தண்டனை வந்தது. அவர் கும்பிட முயன்றார். வலது கை எழவில்லை.

"கைக்கு என்னாச்சு?"

"பத்து வருஷமா தூக்க வராதுங்கம்மா. யாரும் கேக்கல."

பூங்கோதை பேனாவை எடுத்தார்.

"அம்மா, உங்களுக்கு இன்னும் இருபத்தஞ்சு வருஷம் சர்வீஸ் இருக்கு!" என்று எழுத்தர் பதறினார்.

"இவருக்கும் வாழ்க்கை இருக்கே!"

'விடுதலை' என்று கொட்டை எழுத்தில் எழுதினார். மாசிலாமணியின் மகள் கூடம் அதிரக் கத்தினாள். பூங்கோதையின் ஒரே வாய்ப்பு தீர்ந்துவிட்டது. அவரோ சிரிப்பை அடக்க முடியாமல், "அடுத்த வழக்கைக் கூப்பிடுங்க!" என்றார்.