தேய்பிறையில் வெண்டை விதை

“வெண்டை விதை குடுங்க பாய். இன்னைக்கே ஊனணும்.”

கள்ளக்குறிச்சி கடைவீதியில் கலீலுல்லாவின் விதைக்கடை. நைனார்பாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள் சாலம்மாள்.

“இது தேய்பிறைம்மா. விதை தர்றதில்ல. அமாவாசை கழிஞ்சு வா.”

“அதோ மூட்டை தெரியுதே?”

“மூட்டை இருக்கு. பிறை சரியில்ல.”

“நீங்க பெருநாளைக்குத்தானே பாய் பிறை பாப்பீங்க?”

“வெண்டைக்கும் பார்ப்பேன். இப்ப ஊனினா செடி தேஞ்சிக்கினே போவும்.”

சாலம்மாளின் குரல் இறங்கியது.

“பங்குனி பொறந்தா கெணறு வத்திடும் பாய். இன்னொரு தபா ஊன தண்ணி கெடையாது. கூலி வேலையும் இல்ல. இந்தக் காய வித்துத்தான் கோடையத் தள்ளணும்.”

“அதுக்குத்தான் சொல்றேன். போயிட்டு அப்புறம் வா.”

முணுமுணுத்துக்கொண்டே இறங்கினாள். எதிர்க்கடைக்காரன் கையைத் தட்டினான்.

“இன்னா விதைம்மா? இங்க வா, நான் தரேன்.”

“தேய்பிறைல விதை விக்கிறியா? வெளங்குமாய்யா உன் கடை?”

அவனை வைதுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

பக்கத்துக் கடை டெய்லர் ராஜாங்கம், பாயின் பேப்பரை ஓசியில் படித்துக்கொண்டிருந்தார். பொறுக்க முடியவில்லை.

“ஒலகம் எங்கியோ போய்க்கினு இருக்கு. நீ இன்னாடான்னா பிறை, அமாவாசைன்னு ஏழைப் பொம்பளைய அலைய வுடுற. நல்லாவா இருக்கு பாய்?”

கலீலுல்லா கல்லாவுக்குக் கீழே குனிந்து ஓர் ஈரச் சாக்கை எடுத்துப் பிரித்தார். ஒரு வாரமாக ஊறிய வெண்டை விதைகள். ஒன்றிலும் முளை இல்லை. நாற்றம்தான் இருந்தது.

“மூட்டை மொத்தமும் செத்த விதை. புதுச்சரக்கு அமாவாசைக்கு அப்புறம்தான் வருது.”

“அதைச் சொல்லித் தொலைக்கிறதுதானே!”

“சொன்னா நேரா எதிர்க்கடைக்குப் போவா. அங்க இருக்கறதும் இதே லாரில எறங்கினதுதான். அதையும் சொன்னா, வியாபாரப் பொறாமைம்பாங்க. பிறைன்னு சொன்னா எந்தக் கடையிலயும் வாங்கமாட்டா.”

ராஜாங்கம் பேப்பரை மெதுவாக மடித்தார்.

“முந்தாநாள் நான் வெண்டை விதை கேட்டப்பவும் பிறைதானே பாய் சொன்னே?”

“சொன்னேனே. மூடநம்பிக்கைன்னு சிரிச்சிக்கினே எதிர்க்கடைக்குப் போனியே, ராஜாங்கம்!”