மேல் கார்டின் காய்ச்சல்

மூன்றாவது முறையாகக் கணினி தானாக அணைந்தபோது லீயுன் யாரையும் திட்டவில்லை. அறையில் இருந்த மற்ற மூவருக்கும் அப்போதுதான் பயம் வந்தது.

கீழே சந்தில் மேளச் சத்தம். இன்று போர்த் தெய்வமான குவான் கோங் சாமிக்குப் பிறந்தநாள். விளக்கு வைத்ததும் கோயில் வாசலில் திரை கட்டி, இவர்கள் செய்த அனிமேஷன் படத்தை ஓட்ட வேண்டும். ஓடினால் இந்த வருஷத் திருவிழாப் படங்கள் மொத்தமும் இவர்களுக்கு. ஓடாவிட்டால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய ஸ்டுடியோவுக்கு. கோயில் கமிட்டித் தலைவர் சிரித்துக்கொண்டேதான் அதைச் சொல்லிவிட்டுப் போனார்.

கடைசிச் சண்டைக் காட்சி மட்டும் பாக்கி. அதை வரைந்து தள்ள வேண்டிய கிராஃபிக்ஸ் கார்டுகள் இரண்டும் ஒரே பெட்டிக்குள், மாடி வீடும் கீழ் வீடும் போல. கீழ்க் கார்டு விடும் சூட்டைத்தான் மேல் கார்டு மூச்சாக இழுக்கிறது. தொண்ணூறு டிகிரியைத் தாண்டினால் மேல் கார்டு கையை விரித்துவிடும்.

போன வாரம் இரண்டாவது கார்டை வாங்கச் சொன்னதே லீயுன்தான். சூடு என் பொறுப்பு என்று மார்தட்டியதும் அவள்தான். ஸ்டுடியோவில் இயந்திரங்களை அவளை விட்டால் தொட ஆள் இல்லை. வாதத்தில் அவளை ஜெயித்த ஆளும் இல்லை.

கீழ்க் கார்டைக் கழற்றி, இன்னும் தள்ளி மாட்டினாள். தூசி தட்டினாள். விசிறிகளை முழு வேகத்தில் விட்டாள். ஏசியைக் குறைத்துக் குறைத்து, ஆடி வெயிலில் எல்லோரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேல் கார்டுக்கு மட்டும் காய்ச்சல் இறங்கவில்லை.

பெட்டியின் பக்கக் கதவைத் திறந்து வைத்து ஓட்டவும் வழியில்லை. கோயில் ஊதுபத்திச் சாம்பல் ஜன்னல் இடுக்கில் எல்லாம் நுழைகிற நாள். பழைய கணினி அப்படித்தான் செத்தது.

எடிட்டர் குவாங்தேதான் அங்கே மூத்தவர். பெட்டியைப் படுக்கப் போட்டாவது நிதானமாகப் பாரேன் என்றார். வேண்டாம் என்று வெடுக்கென்று சொன்னாள் லீயுன். நின்ற பெட்டியின் முன்னால் முட்டி போட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வேலை பார்த்தாள்.

குவாங்தேக்கு வேறு சந்தேகம். கணினி சொன்ன பேச்சைக் கேட்பதற்காக அதன் பக்கத்தில் வைக்கிற பச்சைப் பாக்கெட், அந்தத் தேங்காய் வாசனைச் சோளப்பொரி, தேதி தாண்டிவிட்டதோ? இந்த ஊர் வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும்கூட இயந்திரங்களுக்கு அதுதானே காவல். கெட்டுப்போன பொரிக்கு எந்த இயந்திரம் அடங்கும்?

"பொரியப் பாத்து பயப்பட அதுக்கென்ன கண்ணா இருக்கு? போங்கண்ணே, வேற வேலையப் பாருங்க."

வருஷக்கணக்காக லீயுன் சொல்கிற பதில்தான் அது. குவாங்தே காதில் போட்டுக்கொள்ளாமல் கடைக்குப் போனார்.

முதல் கடையில் பச்சை இல்லை. திருவிழாவுக்கு வந்த மைக் செட்காரர்களும் லைட்காரர்களும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மஞ்சளும் சிவப்பும் கிடந்தன. சிவப்பை வைத்தால் சிக்னலில் நிற்கிற மாதிரி கணினி நின்றுவிடும். மூன்றாவது கடையில் இருந்த ஒரே பச்சைப் பாக்கெட்டுக்காக ஒரு மைக் செட்காரரோடு மல்லுக்கட்டி, ஜெயித்து, வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார்.

கணினியை மறுபடி ஓட விட்டிருந்தார்கள். எண்பத்தொன்பது டிகிரி.

பழைய பாக்கெட் கணினித் திரையின் கீழே, அவர் எப்போதும் வைக்கிற இடத்தில் இல்லை. தேடினால், பெட்டியின் உச்சியில் மல்லாந்து படுத்திருக்கிறது. துடைக்க வந்த அம்மாள் எடுத்து வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். எடுத்துத் தேதியைப் பார்த்தார். போன மாதமே முடிந்துவிட்டது. எல்லோர் முகத்துக்கு நேராகவும் அதை நீட்டிக் காட்டினார்.

லீயுன் அதைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தாள்.

எண்பத்தாறு. எண்பத்தொன்று.

பெட்டியின் உச்சிக்கு மேல் கையை நீட்டினாள். பன் வேகிற மூங்கில் கூடையைத் திறந்ததும் ஆவி அடிக்குமே, அப்படி உள்ளங்கையில் அடித்தது. பெட்டிக்குள் இருக்கும் சூடெல்லாம் வெளியே போகிற வழி உச்சியில் இருந்த அந்தக் காற்றுச் சல்லடைதான். அதன் மேல் மூடி போட்ட மாதிரி இத்தனை நாளும் பொரி பாக்கெட்.

குவாங்தே புதுப் பாக்கெட்டை இரண்டு கையாலும் பயபக்தியோடு ஏந்தி, அதே உச்சிக்குக் கொண்டு வந்தார். லீயுன் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க வேணாம்ணே. பழைய எடத்துலயே வைங்க. மூஞ்சியப் பாத்தாத்தான் அடங்கும்."

எழுபது டிகிரி. இரண்டு கார்டுகளும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி சமர்த்தாக ஓடின. வெயில் இறங்கும் முன்பே படம் முடிந்தது. நால்வரும் படிகளில் விழுந்தடித்து இறங்கினார்கள்.

விளக்கு வைத்தார்கள். திரையில் குவான் கோங் சிவந்த முகத்தோடு குதிரையில் பாய்ந்தார். சந்தே எழுந்து நின்று கத்தியது. சரவெடி ஓயவே இல்லை. கமிட்டித் தலைவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அடுத்த மாதப் பேய்த் திருவிழாவுக்கும் நீங்கள்தான் என்று லீயுனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

எல்லாம் பச்சைப் பாக்கெட்டின் மகிமை என்று குவாங்தே கண்ணில் பட்டவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மற்ற இருவரும் லீயுனைப் பார்த்தார்கள். இப்போது ஆரம்பிப்பாள், மனுஷரைப் பிய்த்து உதறுவாள் என்று காத்திருந்தார்கள்.

"ஆமா. அண்ணன் சொன்னதுதான் சரி" என்றாள் லீயுன்.



வேறென்ன சொல்வாள்? மூடியைப் பற்றிச் சொன்னால், மூடி போட்டது யார் என்று கேட்பார்கள். இரண்டாவது கார்டை மாட்டிய அன்று எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, திரையடியில் இருந்த பாக்கெட்டை எடுத்துக் கார்டுகளுக்கு நேர் மேலே வைத்தது அவள்தான். ரெண்டையும் நீதான் பாத்துக்கணும் என்று கை குவித்துக் கும்பிட்டதும் அவள்தான்.