பின்வாசலில் கார்

ரொறன்ரோவின் சின்னக் கொலிஜ் லீக்கில் முதலிடத்துக்கு மோதும் இரண்டு பெண்கள் கூடைப்பந்து அணிகள். புள்ளிகள் சமம். இன்னும் நான்கு செக்கன்.

"நெஞ்சு பதறுதப்பா. பிள்ளை ஒரு பிழை விட்டாலும் சனம் சும்மா விடாது," பத்மலோஜினி கணவனின் கையை இறுக்கினாள்.

"பயப்பிடாதை. காரைப் பின்வாசலிலதான் விட்டிருக்கிறன்," என்றார் யோகநாதன்.

பக்கத்தில் சிவப்புச் சட்டையோடு இருந்தவள் திரும்பினாள். "உங்கட மகள் எந்தக் கொலிஜ்?"

அவர் வாய் திறக்கமுன் நடுவர்ப் பெண்ணின் விசில் கேட்டது. சிவப்பு அணிக்கு எதிராக பவுல்.

அரங்கமே எழுந்து கத்தியது.

"அவளின்ர கை படவேயில்லை! உந்த விசில்காரியைப் பெத்ததுகள் ஆர்?" சிவப்புச் சட்டைக்காரி அலறினாள்.

பத்மலோஜினி எழுந்தாள்.

"நாங்கள்தான் அக்கா."

யோகநாதன் சட்டைப்பைக்குள் கார்த் திறப்பைத் தேடினார்.