ரபேல் வக்கீல் எடுக்காத கேஸ்

"வெளிய போம்மா! உன் கேஸை நான் எடுக்க மாட்டேன்."

லோரி மோதிய வண்டிக்காரனின் மனைவி வந்திருப்பதாகக் குமாஸ்தா சொன்னதுமே ரபேல் வக்கீல் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

மாரியாயி வாசலிலேயே திகைத்து நின்றாள். "ஐயா, என் வீட்டுக்காரரு நாகையா... போன ஞாயித்துக்கிழமை லோரி மோதி..."

"போதும். மேல ஒரு வார்த்தை பேசாதே. பிரிக்ஃபீல்ட்ஸ்ல பாலன்னு ஒரு வக்கீல் இருக்காரு. ரயிலேறி அங்க போ."

கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

துணைக்கு வந்த பக்கத்து வீட்டுத் தனலெட்சுமிக்கு முகம் சிவந்துவிட்டது. "கிள்ளான்லயே பெரிய வக்கீலாம்! தமிழாளாச்சேன்னு வந்தா நாயை விரட்டுற மாதிரி விரட்டுறாரு. லோரிக் கம்பெனிக்காரன் முந்திக்கிட்டு வந்து பார்த்திருப்பான், வேறென்ன?"

நாகையா தேங்காய் ஏற்றிய மாட்டு வண்டியோடு போர்ட் சுவெட்டன்ஹாம் சாலையில் போனபோது, பின்னால் வந்த லோரி மோதிவிட்டது. வண்டி தூள் தூள். கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அடிபட்ட அதிர்ச்சியில் அவனுக்கு எதுவும் நினைவில்லை.

லோரி டிரைவரோ, "வண்டிக்காரன் தூங்கிக்கிட்டே நடு ரோட்டுக்கு வந்துட்டான்" என்று போலீசில் சொல்லிவிட்டான். கம்பெனி கையை விரித்துவிட்டது.

அன்று சாயங்காலத்துக்குள் பாசார் முழுக்கத் தனலெட்சுமியின் குரல்தான். மீன் வாங்க வந்த பெண்கள் ரபேலின் மனைவி டொரத்தியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

டொரத்தி வீட்டுக்கு வந்து பொரிந்து தள்ளினாள். "அந்தப் பொம்பளையை ஏன் விரட்டினீங்க? எனக்கு வெளிய தலை காட்ட முடியலை!"

"கேஸ் பிடிக்கலை, எடுக்கலை. குழம்பை ஊத்து" என்றார் ரபேல்.

பிரிக்ஃபீல்ட்ஸ் பாலன் இளவயசுக்காரர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"கவலைப்படாதீங்கக்கா. சாட்சி இருக்கு."

"யாருங்க?"

பாலன் தனலெட்சுமியை ஒரு பார்வை பார்த்தார். "கோர்ட்டுல பார்த்துக்கலாம். இங்க சொன்னா நாளைக்குப் பாசாருக்கே தெரிஞ்சிடும்."

விசாரணை நாள் வந்தது. நாகையா கட்டையை ஊன்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். ஊர்க் கூட்டத்தோடு டொரத்தியும் வந்திருந்தாள்.

டிரைவர் கூண்டில் ஏறி, தூங்கிய வண்டிக்காரன் கதையை அப்படியே சொன்னான்.

"அப்ப அங்க வேற யாராவது இருந்தாங்களா?" என்று கேட்டார் பாலன்.

"கால்வாயோரமா தூண்டில் போட்டுக்கிட்டு ஒருத்தன் இருந்தான். கைலி கட்டின கம்பத்து ஆளு, பட்டிக்காட்டான். அவன்தான் அடிபட்டவரை லோரியில தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்கு விரட்டினான். அப்புறம் அவனை நான் பார்க்கவே இல்லை."

"அந்த ஆளைக் கூப்பிடுறேன், துவான்" என்று மாஜிஸ்திரேட்டைப் பார்த்துச் சொன்னார் பாலன்.

கறுப்புக் கோட்டும் டையுமாக ரபேல் வக்கீல் எழுந்து கூண்டை நோக்கி நடந்தார்.

"போச்சு! கம்பெனிக்குப் பேச வந்துட்டாரு" என்று மாரியாயியின் கையைப் பிடித்தாள் தனலெட்சுமி.

கூண்டை விட்டு இறங்கிய டிரைவர் ரபேலின் முகத்தை உற்றுப் பார்த்தான். அப்படியே தலையைக் குனிந்துகொண்டான்.

"அந்தத் தூண்டில்காரன் நான்தான்" என்றார் ரபேல். "மாட்டு வண்டி ஓரமாத்தான் போச்சு. வண்டிக்காரர் முழிச்சுக்கிட்டு, மாட்டோட பேசிக்கிட்டே வந்தாரு. லோரிதான் வளைவுல வேகம் குறைக்காம வந்து இடிச்சது. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

கம்பெனியின் வெள்ளைக்கார வக்கீல் துள்ளி எழுந்தார். "ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்களுக்கு அங்கே என்ன வேலை?"

ரபேல் கூட்டத்தில் இருந்த டொரத்தியை ஓரக்கண்ணால் பார்த்தார். "சர்ச்சுல பூசைக்குப் போறேன்னு வீட்டுல சொல்லிட்டு மீன் பிடிக்கப் போயிட்டேன்."

கோர்ட்டே சிரித்தது. டொரத்தி மட்டும் சிரிக்கவில்லை.

வெள்ளைக்காரர் விடவில்லை. "வண்டிக்காரரின் மனைவி உங்கள் ஆபீசுக்கு வந்தார் அல்லவா? ரெண்டு பேரும் சேர்ந்து பேசி வைத்த கதைதானே இது?"

"வந்தாங்க. வாயைத் திறக்கவே விடலை. வெளிய போன்னு விரட்டிட்டேன்."

"அதை நாங்கள் எப்படி நம்புவது?"

"ஆமாங்க, விரட்டினாரு!" என்று பின்னாலிருந்து கத்தினாள் தனலெட்சுமி. "பாசார்ல யாரை வேணும்னாலும் கேளுங்க!"

மாஜிஸ்திரேட்டே கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

தப்பு லோரி மேல்தான் என்று தீர்ப்பானது. ஆஸ்பத்திரிச் செலவு, புது வண்டி, நாகையா நடக்கிற வரைக்கும் குடும்பச் செலவு எல்லாம் கம்பெனி தலையில் விழுந்தது.

வெளியே வந்ததும் மாரியாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "ஐயா, கண்ணால பார்த்தவரு நீங்க. கேஸையும் நீங்களே எடுத்திருக்கலாமே? ஏன் அப்படி விரட்டினீங்க?"

டொரத்தி தன்னை நோக்கி வேகமாக வருவதைப் பார்த்தபடியே ரபேல் பதில் சொன்னார்.

"ஒரே ஆளு வக்கீலாவும் சாட்சியாவும் நிக்க முடியாதும்மா. வக்கீல்னா ரயிலேறிப் போனா கிடைப்பான். அன்னிக்கு அந்த ரோட்டுல உனக்குச் சாட்சின்னு இருந்தது நான் ஒருத்தன்தானே!"