மோர் குடிச்சீங்களாண்ணே?

"வேலைக்கு வர்றவங்க ஃபேஸ்புக்கைப் பாக்காம நாங்க யாரையும் எடுக்குறதில்ல, யாசீன்" என்றார் மேலாளர் சரண்யாதேவி. "உங்களுதையும் பாத்துட்டேன்."

யாசீன் நாற்காலி நுனிக்கு நகர்ந்தான். மதுரையில் அவன் ஏறி இறங்காத கம்பெனி இல்லை. கடைசியாக வந்திருப்பது இந்த ஃபிரிட்ஜ், வாஷிங்மெஷின் ஷோரூமின் புகார் பிரிவுக்கு.

"தினம் காலைல மல்லிப்பூ படம் போட்டு எல்லாருக்கும் வணக்கம் சொல்றீங்க. ஒருத்தர் பிறந்தநாளையும் மறக்கல. போன வாரம் யாரோ உங்கள அம்புட்டு அசிங்கமாத் திட்டியிருக்கார். அதுக்கு நீங்க என்ன பதில் போட்டீங்க? 'வெயில்ல அலைஞ்சிருப்பீங்கண்ணே, மோர் குடிச்சீங்களா?'"

"மேடம், அது வந்து..."

"அடக்கம் வேறயா! இந்தப் பொறுமைதான் எங்களுக்கு வேணும். திங்கக்கிழமை வந்துருங்க."

யாசீன் வீட்டுக்குள் நுழைந்தபோது அத்தா சேக் மைதீன், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு ஒற்றை விரலால் போனில் தட்டிக்கொண்டிருந்தார்.

"இருடா, வாடிப்பட்டிக்காரர் ஒருத்தர் கோவமா எழுதியிருக்கார். சமாதானப்படுத்திட்டு வாரேன்."

அது யாசீனின் பழைய போன். போன வருஷம் புதுசு வாங்கியபோது, தன் ஃபேஸ்புக் கணக்கிலிருந்து வெளியேறாமலே அதை அத்தாவிடம் கொடுத்திருந்தான். அன்றிலிருந்து அதில் எழுதுவதெல்லாம் அத்தாதான். பேரும் படமும் மட்டும் இன்னும் மகனுடையவை.

ஒருவழியாக நிமிர்ந்தார் அத்தா. "போன காரியம் என்னாச்சுப்பா?"

யாசீன் சிரித்தபடி அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"உங்களுக்கு வேலை கெடச்சிருச்சு அத்தா. திங்கக்கிழமைலேருந்து நான் போறேன்."